ஆயில் சம்ப் கேஸ்கெட் மாற்றும்போது சிலிக்கானும் தடவ வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் ஆயில் சம்ப், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அதன் ஓரத்தில் கசிவு இருக்கிறது. சம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் புதிய ரப்பர் கேஸ்கெட் வாங்கிவிட்டீர்கள். அதோடு வந்த தாளில் எதையும் தடவாமல் உலர்வாகப் பொருத்தச் சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கோ, இரண்டு பக்கமும் சிலிக்கான் (டியூபில் வரும், இறுகி ரப்பராகும் பசை) பூசாமல் போட்டால் சீக்கிரமே மறுபடி ஒழுகும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், சம்பைக் கழற்றாமல் வெளியே தடவியே சமாளிக்க முடியாதா என்றும் ஒரு கேள்வி. எனக்குத் தெரிந்து உங்கள் மனதில் இருக்கும் கேள்வி இதுதான்: சம்பை இறக்கி ஏற்றுவது லேசான வேலை இல்லை, அதை இன்னொரு தடவை செய்ய முடியாது, அப்படியிருக்கக் கொஞ்சம் சிலிக்கானையும் சேர்த்துப் போட்டுவிட்டால் கூடுதல் பாதுகாப்புதானே, அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?

கெடும். என்ஜின் பிரித்துப் பூட்டும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். அச்சில் வார்த்த ரப்பர் கேஸ்கெட் என்றால் சுற்று முழுவதும் சிலிக்கான் தடவக் கூடாது. அதற்காக சிலிக்கானே வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. என்ஜினின் முக்கிய உடலான பிளாக்கோடு வேறொரு உதிரி வந்து சேரும் மூலைகளில் மட்டும் சிறு பொட்டாக வைத்தே ஆக வேண்டும். அந்த மூலைகள் உங்கள் என்ஜினில் எங்கே, எத்தனை என்பதை வண்டியின் பெயரே தெரியாமல் இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த மாடலுக்கான வொர்க்‌ஷாப் மேனுவலில் படத்தோடு காட்டியிருப்பார்கள். ஏன் இப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் மேனுவல் கையில் இல்லாவிட்டாலும் அந்த இடங்களை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கேஸ்கெட்டும் சிலிக்கானும் ஆயிலை நிறுத்துவது ஒரே வழியில் அல்ல. ரப்பர் கேஸ்கெட் அழுத்தத்தால் வேலை செய்கிறது. போல்ட் இறுகும்போது அது நசுங்குகிறது. நசுங்கிய ரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்த்து இரண்டு பரப்புகளையும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது நகராமல் இருந்த இடத்திலேயே இருப்பதற்குக் காரணம் உலோகத்துக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் உராய்வு. சிலிக்கான் அப்படியல்ல. அது பரப்பில் ஒட்டிக்கொண்டு, இறுகி, தானே ஒரு மெல்லிய ரப்பராகிவிடுகிறது. அதற்குத் தேவை சுத்தமான, எண்ணெய்ப் பசையற்ற உலோகம். இப்போது ரப்பரின் மேல் ஈரச் சிலிக்கானைத் தடவிப் போல்ட்டை முறுக்கினால் என்ன ஆகும்? இறுகாத சிலிக்கான் வழவழப்பானது. கேஸ்கெட்டைப் பிடித்து வைத்திருந்த உராய்வு போய்விடுகிறது. நசுங்கும் ரப்பருக்குப் பக்கவாட்டில் வழி கிடைத்துவிடுவதால் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே அது வெளியே பிதுங்கும், அல்லது உள்ளே இழுத்துக்கொள்ளும். போல்ட் ஓட்டையை ஒட்டிக் கிழிந்துபோன புதுக் கேஸ்கெட்டுகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கிழிசலின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பளபளவென்று இருக்கும். ஒழுகக் கூடாது என்று தடவியதுதான் ஒழுக வைத்திருக்கிறது.

அப்படியானால் மூலைகளில் மட்டும் ஏன்? சம்பின் மேல் விளிம்பு உட்காரும் பரப்பு எல்லா என்ஜினிலும் ஒரே துண்டு அல்ல. முன்னால் டைமிங் செயினையோ பெல்ட்டையோ மூடும் டைமிங் கவர் பிளாக்கோடு சேர்கிறது. பின்னால் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயில் சீல் உட்கார்ந்திருக்கும் தகடு சேர்கிறது. சில என்ஜின்களில் கிராங்க்கைத் தாங்கும் பேரிங் கேப்பின் வளைவும் அந்தப் பரப்பில் வந்து முடிகிறது. இரண்டு உதிரிகள் சேரும் கோடு சம்பின் விளிம்பைச் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அளவு படிக்கட்டோ இடுக்கோ இருந்தே தீரும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். அந்த நுண்ணிய சந்துக்குள் போய் நிரப்பும் அளவுக்கு ரப்பர் வளையாது. ஆயில் அந்த வழியாக மெல்ல ஊறி வரும். அங்கேதான் சிலிக்கானுக்கு வேலை. சந்தின் மேல் ஒரு பட்டாணி அளவோ, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடோ போதும். பழைய வகை நான்கு துண்டு கேஸ்கெட் செட்டில், பக்கவாட்டு இரண்டு துண்டுகளும் முன்பின் அரைவட்ட ரப்பர்களும் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் இதே கதைதான். அங்கே பொட்டு வைக்காமல் பூட்டினால் கசிவதற்கே வாய்ப்பு அதிகம்.

உங்களிடம் இருப்பது ரப்பர் என்றாலும் மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘தடவு’, ‘தடவாதே’ என்று ஆளுக்கொன்று சொல்வது பெரும்பாலும் வேறு வேறு கேஸ்கெட்டை மனதில் வைத்துத்தான். கார்க் கேஸ்கெட்டில் சம்ப் பக்கம் மட்டும் மெல்லிய ஒட்டுப் பசை தடவி, அது பிடித்துக்கொண்ட பிறகு ஏற்றுவது நெடுநாள் வழக்கம். நழுவாமல் இருக்கத்தான் அது. பிளாக் பக்கம் உலர்வாக இருக்கும். காகித வகைக்கு இறுகாத பசை மெல்லிய பூச்சாகப் போடுவது உண்டு. இன்றைய பல என்ஜின்களில் சம்புக்குத் தனிக் கேஸ்கெட்டே கிடையாது. டியூபிலிருந்து பிதுக்கி வைக்கும் சிலிக்கான் கோடுதான் அங்கே கேஸ்கெட். அப்படிப்பட்ட என்ஜினில் வேலை பார்த்துப் பழகியவர் ரப்பர் கேஸ்கெட்டுக்கும் அதையே சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்னொரு பசை உண்டு. காற்றுப் படாத இடத்தில், உலோகம் இரண்டு பக்கமும் நெருக்கும்போது மட்டும் இறுகுவது. கடைந்து மட்டமாக்கிய கனமான அலுமினியப் பரப்புகளுக்கு அது அருமையானது. ஆனால் கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அதை நம்ப முடியாது. தகட்டில் அழுத்திச் செய்த சம்ப் அந்த அளவுக்கு மட்டமாக இருக்காது என்பதால் அதை இங்கே பயன்படுத்த வேண்டாம்.

சிலிக்கானைத் தாராளமாகப் போடுவதில் உள்ள பெரிய ஆபத்து கசிவு அல்ல. நீங்கள் போல்ட்டை இறுக்கும்போது விளிம்புக்கு வெளியே எவ்வளவு பிதுங்கி வருகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும் பிதுங்குகிறது. வெளியே வந்ததைத் துணியால் துடைத்துவிடலாம். உள்ளே தொங்குவதை யாரும் பார்ப்பதில்லை. அது இறுகிப் புழுப் போல ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். சூடான ஆயில் அடித்து அடித்து ஒரு நாள் அறுந்து சம்பில் விழும். சம்பின் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர். விழுந்த துண்டுகள் நேராக அங்கே போய் ஒட்டும். வலையின் கண்ணில் பாதி அடைபட்டாலே, ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் வேகமாக ஓட்டும்போதும் பம்ப்புக்குப் போதிய ஆயில் கிடைக்காது. விளைவு கிராங்க் பேரிங்கில் தெரியும். அடைபட்ட ஸ்ட்ரெய்னர்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கறுப்பும் சாம்பலுமாக, நூடுல்ஸ் துண்டுகள் போல, வலையில் சிக்கிக் கிடக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால் ரப்பர் போல நீண்டு வரும். ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஆயிலை ஊற்றிச் சமாளிக்கலாம். பேரிங் போன என்ஜினை அப்படிச் சமாளிக்க முடியாது. சம்ப் கையில் இருக்கும்போதே பழைய ஆள் விட்டுப்போன துண்டுகள் ஸ்ட்ரெய்னரில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உலர்வாகப் போட்ட கேஸ்கெட் ஒழுகுவதை அவர் நிச்சயம் பார்த்திருப்பார். அதற்குப் பெரும்பாலும் காரணம் சுற்று முழுவதும் சிலிக்கான் இல்லாதது அல்ல, சம்பின் விளிம்பு மட்டமாக இல்லாததுதான். தகட்டு சம்பைக் கவிழ்த்து, விளிம்பின் மேல் நேரான இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து, அந்தப் பக்கம் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு கேஸ்கெட் பக்கமாகக் குமிழ் போல எழும்பியிருக்கும். யாரோ முன்பு அளவுக்கு மீறி முறுக்கியதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட விளிம்பில் போல்ட் இருக்கும் இடத்தில் கேஸ்கெட் நசுங்கிப் போகும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே அழுத்தமே இருக்காது. கசிவு அங்கேதான். பார்ப்பவர் என்ன செய்வார்? இன்னும் முறுக்குவார், குமிழ் இன்னும் எழும்பும். அடுத்த முறை அந்த இடைவெளியை அடைக்கச் சிலிக்கான் பூசுவார். சரியான வழி, விளிம்பை ஒரு கனமான மரக்கட்டையின் ஓரத்தில் கேஸ்கெட் உட்காரும் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சிறு சுத்தியலின் உருண்டை முனையால் ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் தட்டி இறக்குவது. இரண்டு தட்டு, ஸ்கேல் வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு என்று போக வேண்டும். மட்டத்துக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கினாலும் பரவாயில்லை, போல்ட் இழுக்கும்போது சமமாகிவிடும். பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை. இந்த முழு வேலையிலும் கசிவை நிறுத்துவது எது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். வார்ப்பு அலுமினிய சம்ப் என்றால் தட்ட முடியாது, உடைந்துவிடும்; வளைந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

அடுத்தது சுத்தம். பழைய கேஸ்கெட்டையும் பசையையும் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் எடுங்கள். அலுமினியப் பரப்பில் இரும்பு பிளேடு கோடு போட்டுவிடும், அந்தக் கோடே ஆயில் வழியாகிவிடும். டிரில்லில் மாட்டிச் சுற்றும் தேய்ப்பு டிஸ்க் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் பொடி உள்ளே போய் பேரிங்கை அரித்துவிடும் என்று என்ஜின் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பரப்பைக் கடைசியாக பிரேக் கிளீனரால் பஞ்சில்லாத துணி கொண்டு துடைக்க வேண்டும். இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, அண்ணாந்து வேலை செய்கிறீர்கள். பிளாக்கின் உள்ளிருந்து ஆயில் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். துடைத்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த மூலையில் மறுபடி ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வந்துவிடும், அதன் மேல் வைத்த சிலிக்கான் ஒட்டாது. முடிந்தால் சம்பை முந்தின நாள் மாலையே இறக்கி, இரவு முழுக்க வடியவிடுங்கள். சிலிக்கான் பொட்டு வைப்பதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்பு அந்த மூலையை மட்டும் மீண்டும் துடைத்துக் காயவிடுங்கள். போல்ட் ஓட்டைகளில் தேங்கியிருக்கும் ஆயிலையும் எடுத்துவிட வேண்டும். அடிமூடிய ஓட்டையில் ஆயில் இருந்தால் போல்ட் அதன் மேல் அமுங்கி நின்றுவிடும், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இறுகிவிட்டது என்று பொய் சொல்லும். வார்ப்பு விரிசல் விடவும் கூடும்.

எந்தச் சிலிக்கான் என்பதும் முக்கியம். ஜன்னலுக்கும் குளியலறைக்கும் அடிக்கும் வகையில் புளித்த வினிகர் நெடி வரும். அது இறுகும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும், ஆயிலையும் அது நீண்ட நாள் தாங்காது. என்ஜினுக்கென்றே வரும், ஆயில் தாங்கும், புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்காது என்று டியூபில் குறித்திருப்பதை வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய டியூப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நாள் கணக்கில் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். இந்த வகை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. சுமார் பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டத் தொடங்கும், அதற்கு முன் சம்ப் மேலே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பல மேனுவல்கள் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் தருகின்றன. முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். இரண்டு மணி நேரம் கழித்து ஆயில் ஊற்றலாம் என்று சில தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். அவசரம் இல்லையென்றால் இரவு முழுக்க விட்டுவிடுவதே என் பழக்கம்.

ஏற்றும்போது கேஸ்கெட் நழுவுவதுதான் எல்லோருக்கும் வரும் தலைவலி. அதைப் பிடித்து வைக்கத்தான் பலரும் சிலிக்கானைத் தேடுகிறார்கள். அதற்குப் பதிலாக, அதே அளவு போல்ட்டின் தலையை அறுத்துவிட்டு நான்கு மூலையிலும் பிளாக்கில் கையால் திருகி வையுங்கள். சம்பும் கேஸ்கெட்டும் அவற்றின் மேல் நேராக ஏறும், மூலையில் வைத்த சிலிக்கானையும் உரசிக் கலைக்காது. மற்ற போல்ட்டுகள் பிடித்த பிறகு இந்த நான்கையும் எடுத்துவிடலாம். தையல் நூலால் கேஸ்கெட்டை நாலைந்து ஓட்டைகளில் சம்போடு லேசாகக் கட்டி, போல்ட் பிடித்ததும் அறுத்து இழுத்துவிடுவது இன்னொரு வழி. எல்லாப் போல்ட்டையும் விரலால் திருகிய பிறகே ஸ்பேனர் தொட வேண்டும். நடுவிலிருந்து இரண்டு முனைகளை நோக்கி, எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். பழக்கமில்லாத கைக்கு இது போதாது என்றே தோன்றும். உங்கள் மேனுவல் சொல்லும் எண்ணே முடிவானது. கேஸ்கெட்டின் போல்ட் ஓட்டையில் உலோக வளையம் பதித்திருந்தால், அந்த வளையம் முட்டும் இடம்தான் எல்லை. அதற்கு மேல் முறுக்குவதால் ரப்பர் இன்னும் நசுங்கப் போவதில்லை, மரைதான் போகும். கியர்பாக்ஸோடும் போல்ட் போடும் அலுமினிய சம்பாக இருந்தால், அதன் பின்முகம் பிளாக்கின் பின்முகத்தோடு சமமாக நிற்கிறதா என்று பார்த்தபிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் போல்ட்டை முறுக்கும்போது சம்பின் காது (போல்ட் போகும் நீட்டல்) உடையலாம்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இனி, அனுபவமுள்ளவர்களே ஒத்துப்போகாத ஒன்று. ரப்பர் கேஸ்கெட்டின் சம்ப் பக்கத்தில் மட்டும் மிக மெல்லிய ஒட்டுப் பசையைப் பூசி, முழுதாகக் காயவிட்டு, பிறகு பிளாக் பக்கம் உலர்வாக ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். பசை காய்ந்துவிடுவதால் வழுக்கும் பிரச்சினை அதில் இல்லை. நன்றாக நின்ற வேலைகளையும் கண்டிருக்கிறேன். ஆனாலும் தாளில் உலர்வாக என்று போட்டிருக்கும்போது நான் அதைச் செய்வதில்லை, ஏனென்றால் மட்டமான விளிம்பில் அதற்கு அவசியம் வந்ததே இல்லை. அதேபோல, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி போல்ட்டை இறுக்க வேண்டுமா என்பார்கள். கார்க்கில் அது வழக்கம். வளையம் பதித்த ரப்பரில் தேவையில்லை. சிலிக்கான் மட்டுமே கேஸ்கெட்டாக இருக்கும் இடத்தில் இறுகிய பிறகு போல்ட்டைத் தொடவே கூடாது, ஒட்டு விட்டுவிடும்.

நீங்கள் எழுதியதிலிருந்து என்னால் தீர்மானிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கசிவு உண்மையிலேயே சம்ப் கேஸ்கெட்டிலிருந்துதானா? ஆயில் கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் என்ஜினின் உச்சியை மூடும் டேப்பெட் கவரிலோ, ஆயில் பிரஷர் சுவிட்சிலோ, ஃபில்டர் உட்காரும் இடத்திலோ, பின்பக்கக் கிராங்க் சீலிலோ வரும் கசிவெல்லாம் கடைசியில் சம்பின் ஓரத்தில்தான் வந்து தொங்கும். எதையும் கழற்றும் முன் என்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, ஒரு நாள் ஓட்டிவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் எல்லாவற்றிலும் மேலே, எல்லாவற்றிலும் முன்னே இருப்பது எது என்று பாருங்கள். கிராங்க்கேஸின் ஆவியை வெளியே எடுக்கும் பிசிவி வால்வும் அதன் குழாயும் அடைத்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கெட்டையும் தாண்டி ஆயில் வெளியே வரும். நீங்கள் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது.

வெளியே தடவிச் சமாளிக்கும் கேள்விக்கு வருகிறேன். உள்ளிருந்து ஆயில் ஊறிக்கொண்டே இருக்கும் விளிம்பில் சிலிக்கான் ஒட்டுவதற்குத் தேவையான உலர்ந்த பரப்பு ஒருபோதும் கிடைக்காது. துடைத்தவுடன் ஒட்டியது போலத் தெரியும், என்ஜின் சூடேறியதும் தோல் போல உரிந்து வரும். ஏற்கெனவே இறுகிய பழைய சிலிக்கானின் மேல் புதியதும் சரியாகப் பிடிக்காது. அதோடு, பிறகு கசிவின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிவிடும். கசிவு ஓரிரு சொட்டு மட்டும் என்றால், வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பார்த்துக் குறைவதை ஊற்றிக்கொண்டு, சரியாகச் செய்ய நேரம் கிடைக்கும் வரை காத்திருக்கலாம். சைலன்சர் குழாயின் மேல் சொட்டினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம். வேலையில் இறங்கும்போது ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். குறுக்குச் சட்டத்தை இறக்கினால்தான் சம்ப் வெளியே வரும் என்றால், என்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாமல் வீட்டில் தொடாதீர்கள். முடித்து ஆயில் ஊற்றியதும் என்ஜினை ஓடவிட்டு, சூடேறியபின் நிறுத்தி, சிலிக்கான் பொட்டு வைத்த மூலைகளை வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.